பெரிய டீச்சரின் முகம் எங்கே?

"கண்ணாடி மட்டும் கீதும்மா. மூஞ்சியக் காணோம்."

செங்கல்பட்டு கடைத்தெருவில், ஸ்டூடியோ ஏகாம்பரம் ஈரம் காயாத போட்டோவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னார். அவர் குரலில் துக்கமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்தேன். பின்னால் மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில் கம்பீரமாக நிற்கிறது. முன்னால் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வரிசையாக நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் டீச்சரின் மூக்குத்திகூடத் தெரிகிறது. நட்டநடு நாற்காலியில் எங்கள் தலைமை ஆசிரியை ருக்மணி அம்மாள். அரக்குப் பட்டுப் புடவை இருக்கிறது. மடியில் கோத்த கைகள் இருக்கின்றன. கழுத்துக்கு மேலே ஒரு வெள்ளை வட்டம். அந்த வட்டத்துக்குள் மூக்குக் கண்ணாடி மாதிரி இரண்டு வளையம். அவ்வளவுதான், மனுஷியைக் காணோம்.

"யாரும்மா புடிச்சது இத்த?" என்றார் ஏகாம்பரம்.

"நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவம், நல்ல பொண்ணு" என்று போட்டோவிடம் சொன்னார்.

போன வாரம் இதே பக்கத்தில் தயிர்ச் சட்டியோடு நான் ரயிலேறிய கதையை எழுதியதிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கிருந்த மதிப்பு அடியோடு போய்விட்டது. "நீங்களா அத்தை இப்படியெல்லாம் பண்ணீங்க?" என்று மருமகள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். போனது போகட்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். இதில் கூத்தடித்தது நான் மட்டுமில்லை.

அடித்து வைத்த ஆணி

ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினமும் கரி எஞ்சின் ரயிலில் செங்கல்பட்டு போய், கண்ணில் விழுந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டே முதல் பீரியட் எடுப்பேன். நான் சயின்ஸ் டீச்சர். ஆனால் தற்காலிகம். அந்த வார்த்தை என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இது கமலா, தற்காலிகம்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார்கள்.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். ஆள் சின்ன உருவம்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. மேஜைக்கு அடியில் ஒரு மணைப்பலகை போட்டிருப்பார். அந்தக் காலை வேகமாக ஆட்டினால் கோபம், ஆட்டாமல் இருந்தால் மிகவும் கோபம், மெல்ல ஆட்டினால் மட்டும் சந்தோஷம்.

வரும் கோடையில் அவர் ஓய்வு பெறுகிறார். பள்ளிக்கூட ஹாலில் முன்னாள் தலைமை ஆசிரியைகளின் போட்டோக்கள் வரிசையாகத் தொங்கும். அந்த வரிசையின் கடைசியில் இவருக்கென்று ஒரு ஆணியும் அடித்து வைத்தாகிவிட்டது. தினமும் காலையில் எல்லோரும் கண்ணை மூடிப் பிரார்த்தனை பாட, இவர் மட்டும் கண்ணைத் திறந்து அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

"எல்லா டீச்சரும் சுத்தி இருக்கணும், நான் நடுவுல இருக்கணும். என் காமிராவுலயே எடுக்கணும். நீ சயின்ஸ்தானே, நீயே எடு" என்று ஒருநாள் உத்தரவு போட்டார். "போட்டோ நல்லா வரட்டும். உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதி அனுப்பறேன்."

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பாடம் நடத்துகிறவளுக்குக் காமிரா தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வாழைத்தண்டு பற்றிப் பாடம் நடத்தியதற்காக என்னைக் கல்யாணச் சமையலுக்கு அனுப்பாமல் விட்டாரே, அதுவரைக்கும் சரி.

அந்தக் காமிரா அவருடைய அண்ணன் கொடுத்தது. ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்த அண்ணன், வடக்கே மாற்றலாகிப் போகும்போது தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மூடினால் தோல்பெட்டி. திறந்தால் முன்பக்கம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி கருப்பு மடிப்புகளோடு நீண்டு வரும். பின்பக்கக் கதவின் நடுவில் நாலணாக் காசைவிடச் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி ஜன்னல். பிலிம் சுருளின் முதுகில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் எண்கள் அச்சடித்திருக்கும். எத்தனையாவது படம் என்று அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் சாவியைத் திருக வேண்டும்.

"ஏகாம்பரம் ஸ்டூடியோவிலேயே எடுத்துக்கலாமே டீச்சர்?" என்று நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"எங்கண்ணன் குடுத்த காமிரா வூட்ல இருக்கறப்ப, கடைக்காரன் முன்னால நான் ஏன் போய் உக்காரணும்?"

மேஜைக்கு அடியில் கால் ஆடவில்லை. நான் காமிராவை வாங்கிக்கொண்டேன்.

உட்காரும் சாஸ்திரம்

மகாபலிபுரத்துச் சுற்றுலாவில் அந்தப் படம் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

டீக்கடையில் நாற்காலிகள் இரவல் வாங்கி மணலில் போட்டோம். எனக்கு ஏகாம்பரம் ஒரே ஒரு பாடம்தான் சொல்லித் தந்திருந்தார்: "சூரியன் உன் முதுவுக்குப் பின்னால இருக்கணும்மா. அது ஒண்ணு போதும்." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சூரியனைப் பார்த்து, கோயிலைப் பார்த்து, மூன்று கால் ஸ்டாண்டை மணலில் ஊன்றிக் காமிராவை மேலே பொருத்தினேன். அதோடு என் வேலை முடிந்தது. ஆனால் உட்காரும் வேலை ஆரம்பிக்கவே இல்லை.

நாற்காலி என்றால் சீனியாரிட்டி. நடுநாற்காலி பெரிய டீச்சருக்கு. அதில் தகராறு இல்லை. அவருக்கு வலப்பக்கம் யார்? தமிழ் டீச்சரும் கணக்கு டீச்சரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். தமிழ் டீச்சர் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டவர். கணக்கு டீச்சர் மத்தியானம்தான் வந்தார், ஆனால் உத்தரவு அவருக்குத்தான் முதலில் கிளம்பியதாம். இதை அவர்கள் ஒவ்வொரு குரூப் போட்டோவிலும் ஆதியிலிருந்து தொடங்கிப் பேசுவார்கள்.

"நீங்க மத்தியானம்தானே வந்து சேந்தீங்க?"

"எங்க ஊருக்கு பஸ்ஸு மத்தியானம்தான். உத்தரவு காலைலயே வந்துடுச்சு!"

நான் காமிராவை விட்டுவிட்டு ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசினேன். தையல் டீச்சர் நாற்காலியை இங்கே போட்டேன், அங்கே போட்டேன். அலை வந்து ஒருவர் செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று. ஆயா முனியம்மா அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கடைசியில் இருவரையும் பெரிய டீச்சருக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்து, வலதா இடதா என்ற கேள்வியைக் கடலில் விட்டுவிட்டு வந்து படம் எடுத்தேன்.

அதே சுருளில் நான் போகிற போக்கில் கையில் பிடித்து எடுத்த ரதம், யானை, வெண்ணெய் உருண்டை எல்லாம் பளிச்சென்று வந்திருந்தன. ஒரு வெள்ளாட்டின் தாடிகூட மயிர் மயிராகத் தெரிந்தது. பெரிய டீச்சர் முகம் மட்டும்தான் இல்லை.

என்மேல் உனக்கென்ன கோபம்?

போட்டோவைப் பெரிய டீச்சரின் மேஜைமேல் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஆட்டுக்கு மூஞ்சி வந்துருக்கு" என்றார்.

"ஆமா டீச்சர்."

"என் மூஞ்சி எங்க?"

"கண்ணாடி வந்திருக்கு டீச்சர்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"நான் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. குரல் கம்மியிருந்தது. அந்த நிமிஷம், நிரந்தரமாவது மண்ணாவது, இவருக்கு ஒரு முகத்தை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தமிழ் டீச்சர் போட்டோவைக் கூர்ந்து பார்த்துவிட்டு, இது ஏழரை நாட்டுச் சனி, சனி பகவானுக்கு எள்விளக்குப் போட்டால் முகம் தானாக வந்துவிடும் என்றார். கணக்கு டீச்சர் உடனே அதை மறுத்தார். சனியின் காரணமாக இல்லை, தமிழ் டீச்சர் சொன்ன காரணத்தால். ஏகாம்பரம் உப்புக்காற்று என்றார். ஆயா முனியம்மா மட்டும் யோசிக்கவே இல்லை.

"கண்ணேறுதான் டீச்சர். பட்டுப் பொடவ கட்டிகினு அத்தினி பேரு முன்னால குந்திகினா வேற இன்னா ஆவும்?" என்று சொல்லி, காமிராவுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள். நான் அவிழ்க்கவில்லை. சயின்ஸ் டீச்சர்தான், ஆனாலும் தற்காலிகம் அல்லவா.

சாந்துப் பொட்டு வைத்தியம்

நான் சந்தேகப்பட்டது துருத்தியை. பழைய தோல். மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் உள்ளே போய் பிலிமைக் கெடுத்துவிடும்.

பெஞ்சுகள் போடும் இருட்டறைக்குள் ஒரு மத்தியானம் நானும் முனியம்மாவும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். காமிராவின் பின்கதவைத் திறந்து, டார்ச் லைட்டை உள்ளே நுழைத்து, சுற்றிலும் துணியை அடைத்தேன். துருத்தியின் மூலைகளில் மினுக் மினுக்கென்று நட்சத்திரங்கள்!

"மானமே தெரியுதே டீச்சர்!" என்றாள் முனியம்மா.

கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். ஓட்டையை அடைக்கக் கருப்பாக, பிசுபிசுப்பாக, வளைந்தாலும் உதிராத ஒரு பொருள் வேண்டும். என் கைப்பையிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சிச் செய்த சாந்து. நான் நெற்றியில் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தேன். காமிரா மங்களகரமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளவாய் ஏரிக்கரையில் எல்லோரையும் மறுபடி திரட்டினேன். அதே பட்டுப்புடவை. அதே ஸ்டாண்டு. முதுகுக்குப் பின்னால் அதே சூரியன். "காலையில் கையெழுத்துப் போட்டது யார்" என்ற வழக்கும் முதலிலிருந்து நடந்தது.

ஏகாம்பரம் கழுவிக் கொடுத்த படத்தைப் பார்த்து நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய டீச்சருக்கு மறுபடியும் வெள்ளை வட்டம். இந்தத் தடவை கண்ணாடியும் போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு கொக்கி மாதிரி ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. அது போதாதென்று பின்வரிசையில் தையல் டீச்சருக்கும் பாட்டு டீச்சருக்கும் நடுவில், தலை அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு எறும்பு நின்றுகொண்டிருந்தது. மீசையெல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது.

"இவுங்க எந்த கிளாஸு டீச்சரு?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

காமிராவைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய குடும்பமே சாந்தை நக்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் முனியம்மா ஊதி வெளியேற்றினாள். "காமிரான்னு பாத்தா வூடு கட்டிகினு கீதுங்களே!" என்று அவளுக்கு ஆச்சரியம். சாந்தைத் துடைத்துவிட்டு, பழைய குடைத்துணியைப் பொட்டுப் பொட்டாக வெட்டி வஜ்ஜிரப் பசையில் தோய்த்து ஒட்டினேன். ஓட்டைகள் நிஜமாகவே அடைபட்டன. ஆனால் வெள்ளை வட்டத்தின் காரணம் அந்த ஓட்டைகள் இல்லை என்று என் மனசுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் கண்டபடி கோடு கோடாக விழும். ஒவ்வொரு தடவையும் நடுநாற்காலியைத் தேடிப்போய் வட்டமாக உட்காராது.

பெரிய டீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே அறையில் எதிரெதிரே இருப்போம். "முனியம்மா, அந்தம்மாவ ஏழாங்கிளாஸுக்குப் போகச் சொல்லு" என்பார். முனியம்மா என் பக்கம் திரும்பி, "டீச்சர், ஒன்ன ஏழாங்கிளாஸுக்குப் போவச் சொல்றாங்கோ" என்பாள். "சரின்னு சொல்லு" என்பேன். "சரின்னுது" என்பாள். இப்படியே நாள் ஓடியது. ஹாலில் ஆணி காத்திருந்தது.

படுத்துக்கிடந்த எண்

ஒருநாள் ரயிலில் உட்கார இடமில்லை. கூட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றபடி, பைக்குள் இருந்த ஏரிக்கரைப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி ஆட, என் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று அந்தக் கொக்கி நிமிர்ந்து உட்கார்ந்தது. அது கொக்கி இல்லை. ஐந்து! படுத்துக்கிடந்த ஐந்து!

மகாபலிபுரத்துப் போட்டோவை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். மூக்குக் கண்ணாடி எழுந்து நின்று எட்டாயிற்று. அங்கே குரூப் போட்டோ எட்டாவது படம். ஏரிக்கரையில் ஐந்தாவது படம். பிலிமின் முதுகுக் காகிதத்தில் அச்சடித்த எண்தான் பெரிய டீச்சர் முகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

அப்படியென்றால் வெளிச்சம் முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து, அந்தச் சிவப்பு ஜன்னல் வழியாகக் காகிதத்தையும் ஊடுருவி வருகிறது. நானோ அன்று பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தவள். திருடன் நிற்கிற கதவைத் திறந்து ஓரமாகச் சாய்த்துவிட்டு வீடெல்லாம் தேடியிருக்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து நேராக ஏகாம்பரத்திடம் ஓடினேன். "சிவப்பு வெளிச்சம் பிலிமை ஒண்ணும் செய்யாதுன்னுதானே அங்கே சிவப்புக் கண்ணாடி வெச்சிருக்கான்?"

"அது அந்தக் காலத்து பிலிமுக்கும்மா. அத்த செவப்பு லைட்டப் போட்டுகினு, பீடி புடிச்சிகினு கழுவுவேன். இப்ப வர்ற புது பிலிமு செவப்பையும் பாக்குது. கும்மிருட்டுல தடவித் தடவிக் கழுவறேன். பெரிய பேஜாரு."

போதும். எல்லாம் விளங்கிவிட்டது. பழைய பிலிமுக்குச் செய்த காமிரா, புதுப் பிலிம் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறது. கையில் பிடித்துப் போகிற போக்கில் எடுத்தால் என் உடம்பே ஜன்னலுக்கு நிழல். குரூப் போட்டோ என்றால் நான் சமாதானம் பேசப் போய்விடுவேன்; காமிரா ஸ்டாண்டின்மேல் தனியாக நின்று முதுகில் சூரியனை வாங்கிக்கொண்டிருக்கும். காலையா மத்தியானமா என்று அந்த இரண்டு பேர் பேசப் பேச, பிலிமின் நட்டநடுவில் வெளிச்சம் எண்ணோடு அச்சாகிக்கொண்டிருக்கும். அங்கேதான் பெரிய டீச்சர் இருப்பார். ஏனென்றால் வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. சனி இல்லை, கண்ணேறு இல்லை. எல்லாம் சீனியாரிட்டி செய்த வேலை.

நிச்சயப்படுத்திக்கொள்ள முனியம்மாவோடு மறுபடி மகாபலிபுரம் போனேன். ரதங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கல்சிங்கத்துக்கு முன்னால் ஸ்டாண்டைப் போட்டு, காமிராவின் முதுகை வெயிலில் காட்டிவிட்டு, இருவரும் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். அது தீர்ந்ததும் ஒரு படம். அடுத்த படத்துக்கு ஜன்னலைத் துணியால் மூடிக் கட்டிவிட்டு, மறுபடி வேர்க்கடலை. முதல் படத்தில் சிங்கத்துக்கு முகம் இல்லை. இரண்டாவதில் பல்லெல்லாம் தெரிந்தது.

"சிங்கத்துக்கே இந்த கதின்னா பெரிய டீச்சர் இன்னா பண்ணுவாங்கோ!" என்றாள் முனியம்மா.

பிலிம் மேல் பழி

இதைப் பெரிய டீச்சரிடம் சொல்ல வேண்டுமே. அண்ணன் கொடுத்த காமிராவில் குற்றம் என்று எந்த வாயால் சொல்வது? வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

"காமிராவுல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். இப்ப வர்ற பிலிம்தான் பார்க்கக் கூடாததெல்லாம் பார்க்குது."

"அப்படிச் சொல்லு!" என்றார். முனியம்மா வழியாக இல்லை, நேராகவே. பிறகு ஜன்னல் எங்கே, வெயில் எப்படி விழுகிறது, எவ்வளவு நேரம் நின்றால் முகம் போகும், நடுவில் இருப்பவருக்கு மட்டும் ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு அப்படி ஒரு நல்ல மாணவி கிடைத்ததே இல்லை. கால் மேஜைக்கு அடியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு பிளாஸ்திரித் துண்டில் கருப்பு மையை நன்றாகத் தடவிக் காயவைத்து, ஜன்னல்மேல் ஒட்டினேன். எண் பார்க்க வேண்டுமென்றால் நிழலுக்குப் போய் உரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம். பிரிவு உபசார நாளன்று குரூப் போட்டோ என்று முடிவாயிற்று.

நடுநாற்காலி

அன்று காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. பெரிய டீச்சர் அரக்குப் பட்டில் நடுநாற்காலியை நோக்கி நடந்து வருகிறார். அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டரம்மா. பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வரும் அதிகாரி. பெரிய டீச்சரைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆனால் வருஷா வருஷம் வந்து, பெரிய டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையை விரலால் தடவித் தூசி பார்த்து, எல்லோர் முன்னாலும் "என்ன ருக்மணி இது?" என்று கேட்பார். அந்த நேரத்தில் பெரிய டீச்சர் எங்கள் யாரையும் பார்க்க மாட்டார். எங்களுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியாது.

"போட்டோவா? நல்லவேளை, நேரத்துக்கு வந்துட்டேன்" என்றபடி இன்ஸ்பெக்டரம்மா நேராகப் போய் நடுநாற்காலியில் அமர்ந்தார். "ருக்மணி, நீ இப்படித் தள்ளி உக்காரு."

உத்தியோகப்படி அது சரிதான். ஆனால் பெரிய டீச்சர் இத்தனை மாதம் முகத்துக்காகக் காத்திருந்து, முகம் வருகிற நாளில் நாற்காலி போயிற்றே!

பெரிய டீச்சர் என்னிடம் நடந்து வந்தார். "கமலா, அண்ணன் குடுத்த காமிரா. ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்" என்றார். ஸ்டாண்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, காமிராவை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தார். தையல் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இது எத்தனாவது படம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எட்டு, டீச்சர். காலையில பசங்கள எடுத்தேன்."

"நல்ல நம்பர்" என்றார்.

திரும்பிப் போய் இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காமிராப் பக்கம் திரும்புவதற்குள் கணீரென்று அவர் குரல் கேட்டது.

"தமிழ் டீச்சர், கணக்கு டீச்சர், உங்கள்ல யாரு சீனியர்ங்கிறது இத்தன வருஷமா முடிவே ஆகல. அதிகாரியம்மாவே வந்திருக்காங்க. அவங்க முன்னாலயே இன்னிக்குத் தீர்த்துக்குங்களேன். கமலா, நீ இங்க வா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். காலைக் கையெழுத்தும் மத்தியான பஸ்ஸும் ஆதியோடந்தமாகக் கிளம்பின. இன்ஸ்பெக்டரம்மா தீர்ப்புச் சொல்லச் சொல்ல இன்னும் கிளைவிட்டன. நான் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தேன். காமிரா ஸ்டாண்டின்மேல் தனியாக நின்று சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் மட்டும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். தரைக்கு எட்டாத கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

படம் எடுத்துவிட்டுத்தான் காமிராவின் முதுகைப் பார்த்தேன். பிளாஸ்திரி இல்லை.

ஏகாம்பரம் போட்டோவைக் கொடுத்தபோது ஒரு கும்பிடு மட்டும் போட்டார். நடுநாற்காலியில் வெள்ளை வட்டம். கண்ணாடியே போடாத இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வட்டமாக ஒரு மூக்குக் கண்ணாடி. அவருக்குப் பக்கத்தில், இத்தனை நாள் நாங்கள் தேடிய முகம். புருவத்து முடிகூட எண்ணலாம். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மடியில் கோத்த கைகளில், வலது கட்டைவிரலைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு பிளாஸ்திரி.

"விரல்ல காயமா டீச்சர்?" என்று போட்டோவைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"சின்னக் கீறல்" என்றார். அந்தக் கையாலேயே என்னை நிரந்தரமாக்கச் சொல்லும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவரே ஏறி நின்று போட்டோவை ஆணியில் மாட்டும்போது முனியம்மாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மா ஹாலில் அந்தப் போட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார்.

"நடுவுல இருக்கறது யாரு? நான் கண்ணாடி போடறதில்லையே!" என்றார்.

பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாதான் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது நீங்க இல்லீங்கம்மா. யாரோ நடுவுல வந்து குந்திகினாங்கோ."